ஒரகடத்தில் கம்ப்யூட்டர், ரிச்சி தெருவில் விலை

சேரப்பணஞ்சேரியை வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருப்பார்கள். வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டினால் வரும். அதையும் தாண்டினால் ஒரகடம். ராத்திரி பகல் பாராமல் கன்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டிருக்கும் சாலை இது. ஒரகடத்தில் தொடங்கி ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வரை செல்போனும் டிவியும் கம்ப்யூட்டரும் பெட்டி பெட்டியாக வெளியே வருகின்றன.

ஆனால் இந்த ஊர்க் கல்லூரி மாணவன் ஒருவனுக்குக் கேம் விளையாடக் குறைந்த விலையில் ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமென்றால் அவன் ஒரகடம் பக்கம் திரும்புவதில்லை. எதிர்த்திசையில் பஸ் ஏறி, தாம்பரத்தில் மின்சார ரயில் பிடித்து, எழும்பூரிலோ பூங்கா நிலையத்திலோ இறங்கி, நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் ரிச்சி தெருவுக்குப் போகிறான். பக்கத்தில் செய்கிற பொருளுக்கு ஏன் இவ்வளவு தூரம்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் அது ஒரு வரலாறாக விரிகிறது. அதில் பாதி, வரிக் கணக்கு.

அண்ணா சாலைக்குப் பின்னால், சிந்தாதிரிப்பேட்டையை ஒட்டி இருக்கும் ரிச்சி தெரு முதலில் ரேடியோ, டேப் ரிக்கார்டர் பாகங்களுக்குப் பேர் போனது. கம்ப்யூட்டர் பிறகு வந்தது. 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு புதிய கணினிக் கொள்கையை அறிவித்து இறக்குமதியைக் கொஞ்சம் தளர்த்தியது. 1991க்குப் பிறகு இன்னும் தளர்ந்தது. அப்போதும் கம்ப்யூட்டர் என்பது அலுவலகத்து ஏசி அறையில், செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் பார்க்கும் சாமான்தான். வீட்டில் கேம் ஆட ஒன்று வாங்குவதென்பது பெரிய இடத்துப் பேச்சு.

உண்மையான திருப்பம் 1997 மார்ச்சில் வந்தது. உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தது. 217 வகைப் பொருட்களின் சுங்க வரியை 2005க்குள் படிப்படியாகப் பூஜ்யமாக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். சிப், மெமரி, ஹார்ட் டிஸ்க், மதர்போர்டு எல்லாம் வருடா வருடம் விலை இறங்கியதற்கு ஒரு காரணம் இதுதான். இதற்கு இன்னொரு முகமும் உண்டு. பாகத்துக்கும் வரி இல்லை, முழுக் கம்ப்யூட்டருக்கும் வரி இல்லை என்றானபின், உள்ளூரில் செய்கிறவனுக்குச் சுங்க வரியால் கிடைத்த பாதுகாப்பு போய்விட்டது. வெளியிலிருந்து வாங்கி விற்றாலும் ஒன்று, இங்கே பூட்டி விற்றாலும் ஒன்று.

அப்படியானால் தெருக் கடைக்காரர் பூட்டிக் கொடுத்த அசெம்பிள்டு கம்ப்யூட்டர் மட்டும் எப்படி மலிவாக இருந்தது? இங்கேதான் காமர்ஸ் படிப்பவர்களுக்குப் பிடித்த விஷயம் வருகிறது. 2004 ஜூலை பட்ஜெட்டில் கம்ப்யூட்டருக்குக் கலால் வரி நீக்கப்பட்டது. 2006 பட்ஜெட்டில் 12 சதவீதமாக மறுபடி வந்தது. ஆனால் சிறுதொழில் விலக்கு என்று ஒன்று இருந்தது. ஆண்டு விற்றுமுதல் 1 கோடி ரூபாய் வரை (2007 ஏப்ரல் முதல் ஒன்றரைக் கோடி வரை) உள்ள சிறு உற்பத்தியாளர் கலால் கட்ட வேண்டியதில்லை. நான்கடிக்கு ஆறடி கடையில் நாளைக்கு ஒன்றிரண்டு கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுப்பவர் இந்த வரம்புக்குள் அடங்கிவிடுவார். பாகங்கள் மேல் ஏற்கெனவே கட்டிய வரி விலையில் இருக்கத்தான் செய்யும். ஆனால் பூட்டி முழுசாக்கும்போது கூடும் மதிப்பின் மேல் வரி இல்லை. பெரிய ஆலைக்கு இந்தச் சலுகை கிடையாது.

இது சட்டப்படியான மிச்சம். சட்டத்துக்கு வெளியே இருந்ததைச் சொல்லாமல் விட்டால் கணக்கு பொய்யாகிவிடும். பில் போட்டால் ஒரு விலை, போடாவிட்டால் ஒரு விலை. விண்டோஸ் 'போட்டுத் தரப்படும்', அதற்குக் காசு கிடையாது. கேம் சிடிக்கு பர்மா பஜார். 1969ல் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் பிழைப்புக்காகப் போட்ட கடைகள், 2000களில் ஒரு தலைமுறைக்கே 'வைஸ் சிட்டி' சிடி தரும் இடமாக மாறியிருந்தன. பிராண்டட் கம்ப்யூட்டர் கம்பெனி விண்டோஸுக்குக் காசு கட்டியே ஆக வேண்டும். அசெம்பிள்டு கம்ப்யூட்டர் மலிவு என்று பெருமைப்பட்டவர்கள், அந்த மலிவில் எவ்வளவு திருட்டு என்று தனியாக எழுதிப் பார்த்ததில்லை.

ரொம்ப மலிவாகவும் முறையாகவும் விற்க முடியுமா என்று ஒரு முயற்சியும் நடந்தது. 2005ல், தயாநிதி மாறன் மத்திய அமைச்சராக இருந்தபோது, பத்தாயிரம் ரூபாய்க்குள் கம்ப்யூட்டர் என்று பேச்சு எழுந்து, எச்சிஎல் 9,990 ரூபாய்க்கு ஒன்றை வெளியிட்டது. உள்ளே வியா கம்பெனி பிராசஸர், லினக்ஸ். கடிதம் அடிக்கலாம், இணையம் பார்க்கலாம். கேமா? அந்தப் பேச்சே வேண்டாம்.

கேம் ஆசைக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். 1998ல் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ இந்தக் கதையில் ஒரு மைல்கல். அது 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை நாலரை மடங்கு பெருக்கி 300ல் ஓடும். மதர்போர்டில் பஸ்ஸை 100 ஆக்கினால் அதே நாலரை மடங்கு 450 ஆகிவிடும். அன்றைக்கு உச்சத்தில் இருந்த பென்டியம் 2 ஓடிய அதே வேகம், பல மடங்கு குறைந்த விலையில்! அடுத்து ஏஎம்டியின் டியூரான். அதன் மேல்பரப்பில் இருக்கும் வெட்டுப்பட்ட இணைப்புகளைச் சாதாரணப் பென்சிலால் கோடு போட்டுச் சேர்த்தால் பூட்டு திறந்துகொள்ளும். கரிக்கோடு மின்சாரத்தைக் கடத்தும் என்ற பள்ளிக்கூடப் பாடம் கடைசியில் ஒன்றுக்குப் பயன்பட்டது.

எல்லா மிச்சமும் இப்படி இனிக்கவில்லை. 2002ல் வந்த ஜிஃபோர்ஸ் எம்எக்ஸ் 440 நம் ஊரில் நிறையப் பேர் வாங்கிய மலிவு கிராபிக்ஸ் கார்டு. பெயரில் 'ஜிஃபோர்ஸ் 4' இருந்ததே தவிர, புதிய கேம்கள் கேட்ட ஷேடர் வசதி அதில் இல்லை. 2003ல் 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: சாண்ட்ஸ் ஆஃப் டைம்' வந்தபோது அந்தக் கார்டை அது ஏற்கவே இல்லை. வாங்கி ஓராண்டுகூட ஆகாதவர்கள் ஏமாந்து நின்றார்கள்.

இதைவிட மோசமான மிச்சம் எஸ்எம்பிஎஸ்ஸில் செய்தது. கேபினட்டோடு சேர்ந்தே ஒரு பவர் சப்ளை வரும், மேலே '450 வாட்ஸ்' என்று ஸ்டிக்கர் இருக்கும். அந்த ஸ்டிக்கரை நம்பி கிராபிக்ஸ் கார்டைச் செருகினால், கேம் சூடுபிடிக்கும் நேரத்தில் திரை கறுத்துவிடும். சில சமயம் போகிற போக்கில் மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். வெளிநாட்டு வழிகாட்டிகளில் இல்லாத செலவு இன்னொன்றும் நமக்கு உண்டு: யுபிஎஸ். 2012ல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் மின்சாரம் போனபோது, யுபிஎஸ் இல்லாத கம்ப்யூட்டர் பெட்டி வெறும் அலமாரிதான். அதிலும் ஒரு சிக்கல். நல்ல எஸ்எம்பிஎஸ்களில் பவர் ஃபேக்டரைத் தானே சரிசெய்யும் சுற்று இருக்கும். மலிவு யுபிஎஸ் பேட்டரியில் ஓடும்போது தருகிற சதுர அலை மின்சாரம் அதற்கு ஒத்துக்கொள்ளாமல், கரன்ட் போன நொடியில் கம்ப்யூட்டரும் அணைந்துவிடலாம். ஒன்றில் நல்லது வாங்கி இன்னொன்றில் மிச்சம் பிடித்தவர்களுக்கு இரண்டும் வீண்.

இதற்குள் சேரப்பணஞ்சேரியின் அக்கம்பக்கம் மாறிவிட்டிருந்தது. 2006ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா. 2007ல் சுங்குவார்சத்திரத்தில் டெல் ஆலை. ஆண்டுக்கு 4 லட்சம் கம்ப்யூட்டர் என்ற அளவில் அது தொடங்கியது. நோக்கியா 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தி ஆயிரக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பிய கதை தனியாக எழுத வேண்டியது. 2020லிருந்து எச்பி கம்ப்யூட்டர்களை ஃப்ளெக்ஸ் நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரில் செய்துகொடுக்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். வீட்டுக்குப் பக்கத்தில் செய்தால் விலை குறையாதா என்று கேட்பவர்கள் ஒரு காஸ்ட் ஷீட் போட்டுப் பார்க்கலாம். மூலப்பொருள், கூலி, மேற்செலவு. கம்ப்யூட்டரில் மூலப்பொருள்தான் கிட்டத்தட்ட எல்லாமே. பிராசஸர், மெமரி, கிராபிக்ஸ் சிப் மூன்றும் எங்கே பூட்டினாலும் கடல் தாண்டித்தான் வர வேண்டும், விலையை டாலர் தீர்மானிக்கும். ஒரகடத்தில் ஷிஃப்டுக்குப் போய் நின்றுகொண்டே ஸ்க்ரூ முடுக்குகிற பெண்ணின் கூலி அந்த ஷீட்டில் மிகச் சிறிய வரி. அதைப் பாதியாக வெட்டினாலும் கேம் கம்ப்யூட்டரின் விலை அசையாது. ஆலை மலிவைக் கொண்டுவராததற்குக் காரணம் இதுதான்.

ஆனால் ஆலை சுற்றுவழியில் ஒன்றைக் கொண்டுவந்தது. அது பழைய கம்ப்யூட்டர்.

வருமான வரிச் சட்டப்படி நிறுவனங்கள் கம்ப்யூட்டருக்கு ஆண்டுக்கு 60 சதவீதம் தேய்மானம் எழுதிக்கொண்டிருந்தன. 2017-18 நிதியாண்டிலிருந்து அது 40 சதவீதம். 40,000 ரூபாய் கம்ப்யூட்டர் ஓராண்டில் ஏட்டில் 24,000, அடுத்து 14,400, மூன்றாம் ஆண்டு முடிவில் 8,640. ஏட்டில் இப்படித் தேய்ந்தாலும் உள்ளே இருக்கும் சிப் 40 சதவீதம் மெதுவாகிவிடுவதில்லை. ஓஎம்ஆர் ஐடி கம்பெனிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மொத்தமாகக் கழித்துக் கட்டும் டெஸ்க்டாப்கள் ரிச்சி தெருவுக்கு வருகின்றன. சுங்குவார்சத்திரத்தில் பூட்டப்பட்டவையும் அவற்றில் இருக்கும். சேரப்பணஞ்சேரி வழியாகவோ பெங்களூர் நெடுஞ்சாலை வழியாகவோ கன்டெய்னரில் போனது, சில வருடம் கழித்து ஒரு மாணவனின் மடியில், பஸ்ஸில், திரும்பி வருகிறது.

2017 ஜூலை 1ல் ஜிஎஸ்டி வந்த பிறகு பழைய கம்ப்யூட்டருக்கு இன்னொரு அனுகூலம் சேர்ந்தது. கலால் போனதால் சிறு கடைக்காரரின் பழைய சலுகையும் போயிற்று. புதிய பாகம் எதை வாங்கினாலும் 18 சதவீதம். (20 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டருக்கு முதலில் 28. 2019 ஜனவரியிலிருந்துதான் 32 அங்குலம் வரை 18.) ஆனால் பழைய பொருள் வாங்கி விற்பவர், வாங்கும்போது வரி வரவு எடுக்காதவரை, தன் லாபத்தின் மேல் மட்டும் வரி கட்டினால் போதும். 8,000க்கு வாங்கி 10,000க்கு விற்றால் வரி 2,000த்தின் மேல்தான், அதாவது 360 ரூபாய். அதே 10,000க்குப் புதியது விற்றால் 1,800. ஆக, இருபது வருடத்துக்கு முன் அசெம்பிள் செய்கிறவருக்கு வரிச் சட்டம் கொடுத்த மிச்சம், இப்போது பழையது விற்கிறவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இந்த அலுவலகப் பெட்டிகளை கேம் பெட்டியாக்குவதற்கு ஒரு எல்லை உண்டு. எஸ்எம்பிஎஸ் அந்தந்தக் கம்பெனியின் தனி அளவு, மாற்றுவது கஷ்டம். பெட்டியும் ஒல்லி. அதனால்தான் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ மாதிரி, தனி ஒயர் இல்லாமல் ஸ்லாட்டில் கிடைக்கும் 75 வாட்டிலேயே ஓடும் உயரம் குறைந்த கார்டுகளுக்கு இவ்வளவு தேடல். 2017லும் மறுபடி 2021லும் கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்கள் கார்டுகளை அள்ளிக்கொண்டு போனபோது மலிவு கேமிங்குக்கு வழியே அடைபட்டது. 2018 பிப்ரவரியில் ஏஎம்டி கொண்டுவந்த ரைசன் 3 2200ஜி, கிராபிக்ஸையும் சிப்புக்குள்ளேயே வைத்து அந்த நெருக்கடியில் பலரைக் காப்பாற்றியது. 2022 செப்டம்பர் 15ல் எதீரியம் தோண்டும் முறையையே கைவிட்டது. அப்புறம் ஆர்எக்ஸ் 580 கார்டுகள் மூட்டை மூட்டையாகப் பழைய சந்தைக்கு வந்தன. இரவு பகலாக உழைத்த கார்டு என்பதால், ஃபேனையும் தெர்மல் பேஸ்டையும் மாற்றும் செலவைச் சேர்த்துத்தான் அதன் விலையைப் பார்க்க வேண்டும்.

2025 அக்டோபர் 14ல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10க்கான ஆதரவை முடித்துக்கொண்டது. இன்டெல் ஏழாம் தலைமுறையும் அதற்கு முந்தியவையும், சொற்ப விதிவிலக்கு தவிர, விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. அலுவலகங்கள் அவற்றைக் கழிக்க இது ஒரு காரணம். அதே நேரம் ஏஐ தரவு மையங்கள் மெமரியை வாங்கிக் குவித்ததில் ராம் விலை ஏறியது. 2025 டிசம்பரில் மைக்ரான், சாதாரண வாடிக்கையாளர்களுக்கான குரூஷியல் ராம் வியாபாரத்தையே விடப்போவதாக அறிவித்தது. பெட்டி மலிவாகி, உள்ளே இருக்கும் ராம் விலை உயர்ந்திருக்கிறது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ஓட்டுபவர்களுக்கு ராம் ஒன்றா இரண்டா என்பது முக்கியம், ஏனென்றால் உள்ளடங்கிய கிராபிக்ஸின் வேகம் மெமரியின் அகலத்தைப் பொறுத்தது. ஒன்று மட்டும் இருந்தால் அகலம் பாதியாகிவிடும். ரிச்சி தெருவில் பணம் கொடுக்குமுன் பக்கவாட்டு மூடியைக் கழற்றச் சொல்லி, இரண்டு ஸ்லாட்டிலும் ராம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு பஸ் ஏறுவது நல்லது. தாம்பரம் வந்தபின் திரும்பிப் போக இன்னொரு நாள் வேண்டும்.