கண் காணாக் கதிர்

இருளில் விளக்கேற்றும் போர்வீரன் தன் இருப்பிடத்தைத் தானே பகைவனுக்கு அறிவித்துவிடுகிறான். ஆதலின், பகைவன் காணவியலாத ஒளி வேண்டும் என்னும் வேட்கை படைத்துறையினர்க்கு நெடுங்காலமாக உண்டு. அவ்வேட்கையைத் தீர்த்த கருவிகளுள் அகச்சிவப்புக் குறைகடத்தி லேசர் தலையாயது. (மேலைமொழிச் சொல்லின் பொருள் சிவப்புக்குக் 'கீழ்' என்பதே. 'அகம்' அவ்வளவு பொருத்தமன்று. எனினும் வழக்கு நிலைத்துவிட்டது.)

1962 ஜூலைத் திங்களில் அமெரிக்காவின் டர்ஹம் நகரில் அறிவியல் மாநாடு ஒன்று கூடிற்று. பாதுகாப்பு ஆய்வுக்கென நிறுவப்பெற்ற லிங்கன் ஆய்வகத்தார், காலியம் ஆர்சினைடு என்னும் குறைகடத்தி மின்சாரத்தை மிகுந்த திறனுடன் அகச்சிவப்பு ஒளியாக மாற்றுவதை அங்கே அறிவித்தனர். கேட்டிருந்தோருள் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்து இராபர்ட் ஹாலும் ஒருவர். ஊர் திரும்பும் இரயிலிலேயே அவர் கணக்கிடத் தொடங்கிவிட்டார். செப்டம்பரில் அவருடைய குழுவினரின் லேசர் ஒளிர்ந்தது. ஐ.பி.எம். நிறுவனமும் லிங்கன் ஆய்வகமும் சில வாரங்களுக்குள் அதே வெற்றியை எய்தின.

ஆனால், மணற்பரல் அளவேயான அப்படிகம் உடனே களத்திற்கு உதவவில்லை. திரவ நைட்ரஜனால் சுழியத்திற்குக் கீழ் 196 பாகை செல்சியசு வரை குளிர்வித்தால்தான், அதுவும் நுண்ணிய துடிப்புகளாகவே, ஒளி பிறந்தது. குளிர்கலத்தைச் சுமந்துகொண்டு எந்த வீரன் நடப்பான்? ஒளிபிறக்கும் மெல்லிய அடுக்கை வேறொரு குறைகடத்தியின் இரண்டு அடுக்குகளுக்கிடையே சிறைப்படுத்தலாம் என்பதை 1963-இலேயே ஹெர்பர்ட் குரோமர் எடுத்துரைத்திருந்தார். அதனைச் செய்துகாட்ட ஏழாண்டுகள் ஆயின. 1970-இல் லெனின்கிராடு நகரில் அல்ஃபெரோவ் குழுவினரும், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஹயாஷி, பானிஷ் இருவரும், அறை வெப்பத்தில் இடையறாது ஒளிரும் லேசரைப் படைத்தனர். பனிப்போரின் இரு முகாம்களும் ஒரே ஆண்டில் ஒரே விடையைக் கண்டது எண்ணி மகிழத்தக்கது. குரோமரும் அல்ஃபெரோவும் 2000-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இதன்பின் பயன்பாடு பெருகிற்று. அமெரிக்கப் படையினர் போர்ப்பயிற்சியில் துப்பாக்கிக் குண்டுக்கு மாற்றாக அகச்சிவப்புக் கதிரைச் செலுத்தினர்; எதிரணியினர் உடையிலுள்ள உணர்விகள் 'அடிபட்டதை' அறிவித்தன. இரவுக்காட்சிக் கண்ணாடி அணிந்தவர்க்கு மட்டுமே தெரியும் குறிகாட்டிகளும் வந்தன.

காணப்படாமையே இவ்வொளியின் வலிமை. தீங்கும் அதனுள்ளேதான் உள்ளது. கூசும் ஒளிக்கு இமை தானே மூடும். காணாத ஒளிக்கு மூடாது. சிவப்பை அடுத்துள்ள அகச்சிவப்புக் கதிர், வலிமை மிகுந்தால், விழித்திரையைச் சுட்ட பின்னரே தன்னை உணர்த்தும். குறைகடத்தியாயினும் பிறவாயினும், மனிதரை நிலையாகக் குருடாக்கவே அமைக்கப்பெறும் லேசர்ப் படைக்கலங்களை 1995-இல் வியன்னாவில் நிறைவேறிய பன்னாட்டு உடன்பாடு தடைசெய்தது. அது 1998-இல் நடைமுறைக்கு வந்தது. களத்தில் பரவும் முன்னரே ஒரு கொடுமை விலக்கப்பட்டது. போர் வரலாற்றில் இது அரிது.

பொறியின் கண்ணைக் குருடாக்குவதை அவ்வுடன்பாடு தடுக்கவில்லை. 2002 நவம்பர் 28-ஆம் நாள் கென்யாவின் மொம்பாசாவிலிருந்து புறப்பட்ட இசுரேலியப் பயணிகள் வானூர்தியை நோக்கித் தோளிலிருந்து ஏவும் ஏவுகணைகள் இரண்டு பாய்ந்தன. வானூர்தியில் 260-க்கு மேற்பட்டோர் இருந்தனர். நல்வேளையாக இரண்டும் குறிதவறின. வெப்பத்தைத் தேடிவரும் இத்தகைய ஏவுகணைகளைக் குழப்ப 3 முதல் 5 மைக்ரோமீட்டர் வரையிலான அலைநீளம் தேவை. பழைய காலியம் ஆர்சினைடு லேசரால் அதைத் தர இயலாது.

அவ்விடத்தைக் குவாண்டம் அருவி லேசர் நிரப்பிற்று. 1994-இல் பெல் ஆய்வகத்தில் ஃபெய்ஸ்ட், கப்பாஸோ குழுவினர் படைத்த இதில், எலெக்ட்ரான் படிக்கட்டில் இறங்குவதுபோல் அடுக்கடுக்காய் இறங்கி, ஒவ்வொரு படியிலும் ஒளித்துகள் ஒன்றை உமிழ்கிறது. அடுக்கின் கனத்தை மாற்றினால் அலைநீளமும் மாறும். அமெரிக்கத் தரைப்படை ஹெலிகாப்டர்களின் தற்காப்புக் கருவியில் இன்று இவ்வகை லேசர் இடம்பெற்றுள்ளது. ஏவுகணை வருவதை உணர்விகள் கண்டவுடன், சுழலும் முனையொன்று அதன் திசைநோக்கித் திரும்பித் துடிக்கும் கதிரைச் செலுத்துகிறது. இலக்கு எதுவென்று அறியாத ஏவுகணை வழிவிலகிப் போகிறது.