காத்தலும் வைத்தலும்

திருப்பெரும்பூதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் நாள்தோறும் வழங்கும் பிறமொழிச் சொற்களுள் 'மெயின்டனன்ஸ்', 'கன்டெய்னர்' என்பன இரண்டு. இவை, பற்றியிருத்தல் என்னும் பொருளுடைய 'தெனேரே' என்ற இலத்தீன் வினையடியாகப் பிறந்து, பிரெஞ்சு வழியே ஆங்கிலம் புகுந்தவை. கையாற் பற்றியிருத்தல் என்பதே முன்னதன் முதற்பொருள். அதனை இன்று 'பராமரிப்பு' என்கிறோம். கருவியைப் பழுதின்றிப் பேணுதலையும் சரக்கை அடைத்து வைத்தலையும் ஒரே வேர் உணர்த்துதல் நோக்கத்தக்கது.

இலத்தீனில் இதனின் வேறாகச் 'செர்வாரே' என்றொரு வினை உண்டு. காத்தலும் விழித்து நோக்குதலும் அதன் பொருள். வானத்துக் குறிகளை உற்று நோக்குதற்கும் உரோமர் அதனையே ஆண்டனர். நம் 'கா' என்னும் வினையும் இத்தகையதே. பயிரைக் காப்போன் விழித்திருப்பான். ஒருவர் வரவை நோக்கியிருத்தலையும் நாம் 'காத்திருத்தல்' என்கிறோம்.

ஆங்கிலத்திலோ இவ்வேறுபாடு மங்கிற்று. 'கீப்' என்னும் சொல் கி.பி. 1000 அளவில் எழுத்து வழக்கிற் பரவத் தொடங்கியது. பற்றல், வைத்தல், காத்தல், வளர்த்தல் அனைத்தும் அதன்பால் அடங்கின. சொல், நேரம், கோழி, கணக்கு ஆகிய நான்கிற்கும் ஆங்கிலர் அவ்வொன்றையே வழங்குவர். தமிழரோ சொல்லைக் காப்பர், நேரந் தவறார், கோழி வளர்ப்பர், கணக்கு எழுதுவர்.

அச்சொல் பரவுதற்கு முன்பே நம் நாட்டில் காத்தல் ஒரு பொறுப்பாக வரையறுக்கப்பட்டது. மேற்கூறிய தொழிற்பகுதி அமைந்த காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே உத்தரமேரூர் உள்ளது. முதற் பராந்தகன் காலத்து, கி.பி. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, அவ்வூரிற் குடவோலையால் தேர்ந்த 30 பேருள் அறுவர் ஏரி வாரியத்தினர். பதவிக்காலம் 360 நாள். முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் குடவோலைக்கு உரியராகார். ஈண்டு ஆளப்பட்ட வினை 'காட்டு' என்பது கருதத்தக்கது. ஆங்கிலர் கணக்கை வைத்திருப்பர். உத்தரமேரூரார் அதனைக் காட்டுதல் வேண்டும். அறத்தைக் காப்பவரின் திருவடி தம் தலைமேலது எனக் கொடையாளர் பலர் கல்லிற் பொறித்தமையும் காண்க. கொடுத்தவனினும் காப்பவனே உயர்ந்தோன் என்பது அதன் கருத்து.

இற்றை மொழிபெயர்ப்பிலும் இவ்வேறுபாடு பயன்தரும். 'செர்வாரே' வழிவந்த ஆங்கிலச் சொற்களுள், அரசு ஒதுக்கிய காட்டைக் குறிப்பதனைக் 'காப்புக்காடு' என்றனர், காத்தற்பொருள் நின்றது. நீர்நிலையைக் குறிப்பதனை 'நீர்த்தேக்கம்' என்றனர். தேக்குதல் நின்றது, காத்தல் நீங்கிற்று. ஆலைகளுக்கிடையே ஏரிகள் பல எஞ்சியுள்ள இப்பகுதியில் இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. நீரைத் தேக்கி வைப்போர் பலராகலாம். காப்போர் எனத்தக்கார் கணக்குக் காட்டுவோரே. ஆகலின், ஏரிக்குப் 'பராமரிப்பு' எனப் பொதுப்பட எழுதாது, 'ஏரி காத்தல்' என்றே ஆளுதல் தகும் என்பது எம் துணிபு.