யானைகளின் தொல்லுயிர் வரலாறு

யானைகளின் தொல்லுயிர் வரலாறு என்பது புதைபடிவங்களின் வழியாக அறியப்படும் யானைகளின் தோற்றத்தையும் படிவளர்ச்சியையும் குறிக்கும். துதிக்கையுடைய பாலூட்டிகளின் வரிசையில் ஏறத்தாழ 180 இனங்கள் அறியப்பட்டுள்ளன. இவற்றுள் இன்று எஞ்சியுள்ளவை ஆசிய யானை, ஆப்பிரிக்கப் புதர்வெளி யானை, ஆப்பிரிக்கக் காட்டு யானை ஆகிய மூன்று மட்டுமே. கோயம்புத்தூர் மாவட்டத்தின் மதுக்கரை வனப்பகுதியில் வாழ்வது ஆசிய யானை ஆகும்.

தோற்றம்

இவ்வரிசையின் மிகப் பழைய விலங்கு எரித்தேரியம் ஆகும். ஏறத்தாழ 60 மில்லியன் ஆண்டுகள் பழமையான இதன் எச்சங்கள் மொரோக்கோவில் கிடைத்தன. 2009இல் இதற்குப் பெயரிடப்பட்டது. இதன் எடை சுமார் 5 கிலோகிராம் மட்டுமே. எகிப்தின் பாயும் பகுதியில் கிடைத்த மொரித்தேரியம் ஏறத்தாழ 37 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. இது நீரிலும் நிலத்திலும் வாழ்ந்ததென அதன் பற்களின் வேதி ஆய்வு காட்டுகிறது. ஆப்பிரிக்க நிலப்பகுதி ஆசியாவுடன் இணைந்தபின், ஏறத்தாழ 20 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர், இவ்வரிசை விலங்குகள் ஆசியாவில் பரவின.

இந்தியப் புதைபடிவங்கள்

1830களில் இமயமலை அடிவாரத்திலுள்ள சிவாலிக் குன்றுகளில் ஹியூ பால்கனர், புரோபி காட்லி ஆகியோர் ஏராளமான புதைபடிவங்களைச் சேகரித்தனர். அவற்றுள் நீண்ட தந்தங்களையுடைய ஓர் இனத்துக்கு விநாயகரின் பெயரால் 'ஸ்டெகோடான் கணேசா' எனப் பெயரிட்டனர். இது ஆசிய யானையின் நேரடி மூதாதை அன்று. அங்கு கிடைத்த 'எலிபாஸ் ஹைசுட்ரிகஸ்' என்பதே ஆசிய யானையின் மூதாதையாகக் கருதப்படுகிறது. மரபணு ஆய்வுகளின்படி ஆசிய யானைக்கு ஆப்பிரிக்க யானைகளைவிட அழிந்துபோன மாமூத்தே நெருங்கிய உறவாகும்.

பற்கள்

யானைகளின் உறவுமுறையை அறியக் கடைவாய்ப் பற்கள் பெரிதும் உதவுகின்றன. புல்வெளிகள் பரவியபோது, கடினமான புல்லை அரைப்பதற்கேற்ப இப்பற்களின் தகடுகள் எண்ணிக்கையில் பெருகின. ஆசிய யானையின் கடைசிப் பல்லில் 20க்கும் மேற்பட்ட தகடுகள் உண்டு. ஒவ்வொரு தாடைப் பக்கத்திலும் ஆறு பற்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றித் தேய்கின்றன.

மதுக்கரையும் யானைகளும்

மதுக்கரையின் சுண்ணாம்புக்கல், பாலூட்டிகள் தோன்றுவதற்கு மிக முன்னரே உருவாகி, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பாறையாகும். எனவே அதில் யானைப் புதைபடிவங்கள் இருக்க இயலாது. ஆனால் யானைகளின் வழித்தடங்கள் இப்பகுதியினூடாகச் செல்கின்றன. 2021 நவம்பர் 26 அன்று நவக்கரை அருகே தொடர்வண்டி மோதி மூன்று யானைகள் இறந்தன. இதனைத் தடுக்க 2024இல் இங்கு செயற்கை நுண்ணறிவு எச்சரிக்கை அமைப்பு தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 22 மாதச் சூல்காலமும், பொதுவாக ஒரு முறைக்கு ஒரே கன்றும் உடைய இவ்விலங்கு, தன் எண்ணிக்கையில் ஏற்படும் இழப்பை விரைவில் ஈடுசெய்ய இயலாது.