அதிர்வெண், அலைவுக்காலம், அலைநீளம்

அலையை அளக்கப் பயன்படும் மூன்று அளவுகள். ஓர் இடத்தை ஒரு நொடியில் கடக்கும் அலைகளின் எண்ணிக்கை அதிர்வெண். இலங்கைப் பாடநூல்களில் இதற்கு மீடிறன் என்று பெயர். ஓர் அலை முழுதாகக் கடக்க ஆகும் நேரம் அலைவுக்காலம். அடுத்தடுத்த இரண்டு முகடுகளுக்கு இடையே உள்ள தூரம் அலைநீளம். ஒன்றை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைவுக்காலமும், வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளமும் கிடைக்கும். சென்னை வானொலியின் மத்திய அலை ஒலிபரப்பு 720 கிலோஹெர்ட்ஸில் அமைந்தது. ஒளியின் வேகமான நொடிக்கு 30 கோடி மீட்டரை 7,20,000ஆல் வகுத்தால் அலைநீளம் 416.7 மீட்டர், அலைவுக்காலம் 1.39 மைக்ரோநொடி. திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியரகம் இருக்கும் வேங்கிக்கால், சென்னையிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். அங்கே ஒருவர் டிரான்சிஸ்டரின் முள்ளைத் திருகி அந்த நிலையத்தில் நிறுத்தும்போது, இரண்டு ஊர்களுக்கும் நடுவே சுமார் 360 அலைகள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும். சென்னையில் கிளம்பிய அலை அவர் பெட்டியைத் தொட அரை மில்லிநொடி போதும்.

இம்மூன்றும் சம உரிமை உள்ளவை என்ற எண்ணத்தைச் சூத்திரம் தருகிறது. உண்மையில் மூலம் அதிர்வெண்தான். வானொலியின் வரலாறே அதற்குச் சான்று. சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று நடத்திய சென்னை மாகாண வானொலிக் கழகம் 1924 ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. 1927இல் பணமின்றி நின்றுபோன அந்தப் பணியை 1930இல் சென்னை மாநகராட்சி ஏற்றது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16இலும், திருச்சி நிலையம் 1939 மே 16இலும் பிறந்தன. அக்காலத்தில் நிலையங்களை மீட்டரில் சொல்வது பரவலான வழக்கு. சிற்றலை, மத்திய அலை என்ற பெயர்களும் நீளத்தை வைத்து வந்தவையே. நிலையங்கள் பெருகி, ஒன்றின் குரல் மற்றொன்றில் கலக்கத் தொடங்கியபோது நீளக் கணக்கு உதவவில்லை. பக்கத்து நிலையங்களுக்கு இடையே சம இடைவெளி விடுவதற்கு அதிர்வெண்ணே தேவைப்பட்டது. 1978 முதல் மத்திய அலையில் அந்த இடைவெளி 9 கிலோஹெர்ட்ஸ். சென்னையின் 720, திருச்சியின் 936 இரண்டும் ஒன்பதால் மீதியின்றி வகுபடும்.

ஒளியியலார் நிறத்தை அலைநீளத்தால்தானே குறிக்கிறார்கள் என்று கேட்கலாம். அது அளக்கும் வசதிக்காக வந்த பழக்கம். காற்றில் 650 நானோமீட்டர் உள்ள சிவப்பொளி தண்ணீருக்குள் வேகம் குறைந்து 489 நானோமீட்டராகச் சுருங்குகிறது. காற்றில் அந்த எண் பச்சை கலந்த நீலத்துக்கு உரியது. ஆனாலும் கிணற்றில் முங்கிக் கண் திறந்தால் சிவப்புத் துணி சிவப்பாகவே தெரிகிறது. ஊடகம் மாறும்போது நீளமும் வேகமும் மாறின, அதிர்வெண் அசையவில்லை. விரைந்து வரும் ரயிலின் ஊதல் ஓங்கிக் கேட்டு, கடந்ததும் தாழ்கிறதே, அங்கே அதிர்வெண் மாறவில்லையா என்ற மறுப்பு இன்னும் வலுவானது. அந்த மாற்றம் ஒலிமூலத்துக்கும் கேட்பவருக்கும் இடையே உள்ள ஓட்டத்தால் வருவது. வழியில் உள்ள காற்றுக்கு அதில் பங்கில்லை. நிற்கும் ரயிலின் ஊதல் எந்தச் சுவரைத் துளைத்து வந்தாலும் அதே சுருதிதான்.

அலைநீளத்துக்கு வேலையே இல்லை என்பதல்ல இதன் பொருள். கருவியின் உருவத்தைத் தீர்மானிப்பது அதுதான். ஊட்டிக்கு அருகே முத்தோரையில், கோவிந்த் சுவரூப் தலைமையில் எழுந்து 1970 முதல் இயங்கும் வானொலித் தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. ஊரின் அட்சரேகைக்கு ஈடாக ஏறத்தாழ 11 பாகை சரியும் மலைச்சரிவில் அது வடக்கு தெற்காகக் கிடக்கிறது. அதன் குவியக்கோட்டில் 1,056 இருமுனை ஆன்டெனாக்கள் உள்ளன. அது வாங்கும் அலையின் நீளம் 92 சென்டிமீட்டர், அலைவுக்காலம் 3.06 நானோநொடி. 92 சென்டிமீட்டர் என்ற அளவோ 326.5 மெகாஹெர்ட்ஸிலிருந்து வருகிறது; 322 முதல் 328.6 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டை வானொலி வானியலுக்கென ஒதுக்கப்பட்டது.

இன்று மத்திய அலை ஒடுங்கிப் பண்பலை பரவிவிட்டது. 100 மெகாஹெர்ட்ஸ் பண்பலையின் நீளம் 3 மீட்டர்.