யாருக்கு நன்றி: சென்னையின் மேற்கே பொதுச் சுகாதாரக் கல்வியில் ஒரு வழக்கத்தின் வரலாறு

பொதுச் சுகாதாரத்தில் நன்றி சொல்வது எளிதான காரியம் அல்ல. கண்புரை நீக்கிய மருத்துவரின் பெயர் நோயாளிக்குத் தெரியும். ஒரு தாலுகாவில் காசநோய் குறைந்தால் யாருக்கு மாலை போடுவது? வீடு வீடாகப் பெயர் எழுதியவர், சளி டப்பாவைச் சைக்கிளில் கொண்டுவந்தவர், எக்ஸ்ரே வண்டியை ஓட்டியவர், கணக்குப் போட்டவர், இவர்கள் எல்லோருக்கும் வேலை கற்றுக்கொடுத்த ஆசிரியர் என்று பங்காளிகள் பலர். அதனால் இந்தத் துறையின் பயிற்சி நிறுவனங்களில் நன்றி தெரிவிக்கும் முறை காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. ஒரு காலத்தில் அது கட்டடத்தின் பெயராக இருந்தது, பிறகு பெயரே இல்லாத கட்டுரையாக, பொன்னாடையாக, ஆய்வேட்டின் ஒரு பக்கமாக ஆனது.

இந்த மாற்றங்களை நெருக்கமாகப் பார்க்கக் கிடைக்கும் நிலப்பகுதி, இன்று ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதி என்று அறியப்படும் இடமும் அதைச் சூழ்ந்த ஊர்களும். 1997 வரை இவை எல்லாம் பழைய செங்கல்பட்டு மாவட்டம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சென்னை நோக்கி வந்தால் பூந்தமல்லியில் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையின் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள்கோவில் வழியாகத் தெற்கே போனால் செங்கல்பட்டுத் திருமணியில் மத்தியத் தொழுநோய் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனம். வடக்கே ஆவடிக்கு அருகில் அயப்பாக்கத்தில் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம். கார்த் தொழிற்சாலைகள் வருவதற்கு வெகு முன்பே இந்த வட்டாரம் நோய்களை எண்ணிப் படித்தவர்களின் களமாக இருந்தது.

ஆசிரியரைப் போற்றும் வழக்கத்துக்கு இதே சாலையில் இன்னும் பழைய வேர் உண்டு. ஸ்ரீபெரும்புதூர் இராமானுசர் பிறந்த ஊர். அவருக்கு வழிகாட்டியாக இருந்த திருக்கச்சி நம்பி பூந்தமல்லிக்காரர். வைணவ மரபில் ஒரு நூலை ஓதும் முன் அதை அருளியவரைப் போற்றும் தனியனை ஓதுவார்கள்; குருபரம்பரையை நினைக்காமல் பாடம் தொடங்குவதில்லை. தமிழ் நூல் மரபு வேறொரு வகையில் இதை முறைப்படுத்தியது. ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் எழுதத் தகுந்தவர்கள் நூலாசிரியரின் ஆசிரியர், அவருடன் படித்தவர், அவருடைய மாணவர், தகுதியுள்ள உரைகாரர் என்று நன்னூல் வகுக்கிறது. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனார் தொல்காப்பியருடன் ஒன்றாகப் படித்தவர் என்பது வழிவழிச் செய்தி. தன்னைத் தானே புகழக் கூடாது என்பதால் அந்த வேலை ஆசிரியரிடமும் தோழரிடமும் விடப்பட்டது. இன்றைய ஆய்வேட்டில் இது தலைகீழாகி, எழுதியவரே ஆசிரியருக்கும் தோழர்களுக்கும் நன்றி எழுதுகிறார்.

ஆங்கிலேயர் காலத்தில் மரியாதை கட்டடத்தின் நெற்றியில் பொறிக்கப்பட்டது. 1899 இல் அம்மைப்பால் தயாரிக்கும் கூடமாகக் கிண்டியில் தொடங்கிய நிறுவனம், சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் வால்டர் காவென் கிங்கின் பெயரைத் தாங்கியது. கிங் இந்தத் துறையிலேயே உழைத்தவர், பெயர் பொருத்தமானதுதான். திருமணியில் 1924 இல் உருவான தொழுநோய் இல்லம் ஆளுநரின் மனைவி பெயரால் லேடி வெலிங்டன் இல்லம் ஆயிற்று. அது ஆதரவு தந்த அதிகாரத்துக்குச் செலுத்திய நன்றி. அங்கே வேலை செய்த ராபர்ட் காக்ரேன் போன்ற மருத்துவர்களின் பெயர் துறைக்குள் மட்டுமே வாழ்ந்தது. 1955 இல் மத்திய அரசு அதைப் பயிற்சி நிறுவனமாக மாற்றியபோது சீமாட்டியின் பெயரும் பின்னுக்குப் போய், எந்த மனிதரையும் சுட்டாத ஓர் அலுவலகப் பெயர் வந்தது. சுதந்திரத்துக்குப் பின் எழுந்த சுகாதார ஆய்வு நிறுவனங்களில் பலவும் இப்படித்தான் பெயர் பெற்றன.

பெயரை விலக்கும் வழக்கம் ஆய்வுக் கட்டுரைகளிலும் புகுந்தது. அதன் மூலம் பிரிட்டன். 1948 இல் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைப் பற்றிய புகழ்பெற்ற பரிசோதனையை பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு தன் பெயரில்தான் வெளியிட்டது. தனி மனிதர் எவரும் ஆசிரியராக நிற்கவில்லை. 1956 இல் அந்தக் குழு, உலக சுகாதார நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு ஆகியவை சேர்ந்து சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் அதன் தொடக்ககால வழிநடத்துநர். சானடோரியத்தில் படுக்க வைத்துத் தரும் சிகிச்சையும் வீட்டில் வைத்துத் தரும் சிகிச்சையும் ஒப்பிடப்பட்டன. வீட்டுச் சிகிச்சை சளைத்ததல்ல என்று 1959 இல் வந்த அறிக்கை உலகம் முழுக்கக் காசநோய்க் கொள்கையை மாற்றியது. அந்த அறிக்கையின் ஆசிரியர் இடத்தில் இருந்தது 'காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், சென்னை' என்ற பெயர்.

இதில் நியாயம் இருந்தது. அந்த ஆய்வு நின்றதே வீடுகளுக்குப் போன சுகாதாரப் பார்வையாளர்களின் கால்களில்தான். முன்னறிவிப்பு இல்லாமல் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீர் மாதிரி வாங்கி வந்தார்கள். அந்தப் பார்வையாளர்களையும் லண்டனிலிருந்து வந்த நிபுணரையும் ஒரே பெயருக்குக் கீழ் நிறுத்தியது மையத்தின் பெயர். ஆனால் கூட்டுப் பெயர் எல்லோரையும் சமமாக மறைப்பதில்லை. வாலஸ் ஃபாக்ஸ் யார் என்று துறையினர் அனைவருக்கும் தெரிந்திருந்தது. மாத்திரை எண்ணியவர் யார் என்பது வீட்டுக்காரர்களுக்கு மட்டுமே தெரிந்தது.

இந்த முறையின் உச்சம் காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசிப் பரிசோதனை. 1968 இல் செங்கல்பட்டு மாவட்டத்தில், சென்னைக்கு மேற்கே உள்ள கிராமங்களிலும் சிற்றூர்களிலும் இது தொடங்கியது. பதிவு செய்யப்பட்டவர்கள் 3,66,625 பேர். அவர்களில் 2,81,161 பேருக்கு, குலுக்கல் முறையில், தடுப்பூசியோ மருந்தில்லாத போலி ஊசியோ போடப்பட்டது. யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பிறகு இரண்டரை ஆண்டுக்கு ஒரு முறை மறுபடியும் எல்லா வீடுகளுக்கும் போக வேண்டும். பெரியவர்களுக்கு எக்ஸ்ரே, சந்தேகம் இருந்தால் சளிப் பரிசோதனை. இவ்வளவு பெரிய வேலையைச் செய்தவர்களை ஒரு பட்டியலில் அடக்க முடியாது. 1979 இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் முதல் அறிக்கை வந்தபோது ஆசிரியராக நின்றது 'காசநோய் தடுப்புப் பரிசோதனை, சென்னை' என்ற திட்டத்தின் பெயரே. 15 ஆண்டுத் தொடர் கண்காணிப்பின் முடிவு 1999 இல் காசநோய் ஆராய்ச்சி மையத்தின் பெயரில் வெளியானது.

முடிவு ஏமாற்றம் தருவதாக இருந்தது. பெரியவர்களுக்கு நுரையீரல் காசநோயிலிருந்து பி.சி.ஜி. பாதுகாப்பு தரவில்லை. சிறுவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பும் 27 விழுக்காடுதான். அதுவும் புள்ளியியல்படி உறுதியற்றது. பயன் தராத மருந்தைக் கண்டறிய கை நீட்டிய லட்சக்கணக்கானவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்பதற்கு அன்றைய முறைகளில் விடை இல்லை. ஆராய்ச்சிக்கு உட்படுவோர் தொடர்பாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தன் முதல் நெறிமுறை அறிக்கையை வெளியிட்டதே 1980 இல்தான். களப்பணி தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

கட்டுரையில் இடம் கிடைக்காத பெயர்களுக்கு இடம் தந்தது பிரிவு உபசாரம். சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரம் 1922 இல் தனி இயக்ககமாகி, 1939 இல் அதற்கென ஒரு சட்டமும் வந்தது. மருத்துவப் பணியிலிருந்து பிரிந்த தனி அலுவலர் வரிசை இருந்ததால் சுகாதார அலுவலர்கள், ஆய்வாளர்கள், செவிலியர்கள் மாவட்டம் மாவட்டமாக மாற்றலாகிப் போய்க்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு மாற்றலும் ஒரு கூட்டத்துக்குக் காரணம். சந்தன மாலை, பொன்னாடை, சட்டம் போட்ட வாழ்த்து மடல், கடைசியில் ஏற்புரை. மாதத்தின் கடைசி நாளில் நடக்கும் பணி நிறைவுப் பாராட்டு விழாவில் ஓட்டுநரும் நர்ஸம்மாவும் மேடை ஏறி மைக்கைப் பிடிக்கலாம். 'டி.டி.' என்று எல்லோரும் அழைக்கும் துணை இயக்குநர் எந்த வெள்ளத்தின்போது எந்தப் பள்ளிக்கூடத்தில் படுத்தார் என்பது அச்சில் எங்கும் கிடைக்காது. அந்த மேடையில் கிடைக்கும்.

அரசு இதை முழுக்க நம்பிவிடவில்லை. மத்தியக் குடிமைப் பணிகள் நடத்தை விதிகள், 1964 இன் 14 ஆம் விதி, முன் அனுமதி இல்லாமல் மத்திய அரசு ஊழியர் பாராட்டு மடலோ பிரிவு மடலோ பெறுவதையும், தன்னைக் கௌரவிக்கும் கூட்டத்தில் கலந்துகொள்வதையும் தடுக்கிறது. ஓய்வு, மாற்றல் வேளையில் தனிப்பட்ட முறையில் நடக்கும் எளிய விருந்துக்கு விலக்கு உண்டு. அந்த விதியின் குறிப்பு இன்னும் கூர்மையானது: விருந்துக்குப் பணம் தரும்படி எவரையும் வற்புறுத்தக் கூடாது, மேல்நிலை அலுவலருக்கான விருந்துக்குக் கீழ்நிலை ஊழியர்களிடம் வசூல் செய்யவே கூடாது. இப்படி ஒரு விதி தேவைப்பட்டது என்றால் அந்த வசூல் எப்படி நடந்துகொண்டிருந்தது என்று ஊகிக்கலாம். கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்குச் செலுத்தும் நன்றியில் மனம் எவ்வளவு, கட்டாயம் எவ்வளவு என்று பிரிக்கும் சிக்கலை விதி எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள்.

1980 களுக்குப் பிறகு தனிப் பெயர்கள் கட்டுரைகளுக்குத் திரும்பின. மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு 1985 இல் யார் ஆசிரியர் ஆகலாம் என்று வரையறுத்தது: திட்டமிடலிலோ ஆய்விலோ பங்கு வேண்டும், எழுத்தில் பங்கு வேண்டும், வெளியிடும் இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் வேண்டும். மற்ற உதவிகள் நன்றிப் பகுதிக்கு உரியவை. பின்னாளில், நன்றிப் பகுதியில் பெயர் போடவும் உரியவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குவது நல்லது என்ற அறிவுரையும் சேர்ந்தது. பெயர் வந்தால் அவர் முடிவுகளை ஏற்றுக்கொண்டதாகப் படிப்பவர் எண்ணக்கூடும் அல்லவா! ஆவடியிலிருந்த தொழுநோய் ஆராய்ச்சிக் கள அலகு நடத்திய தடுப்பூசி ஒப்பீட்டின் முடிவு 1998 இல் வந்தபோது, எம்.டி. குப்தே முதலாகப் பெயர்கள் வரிசையாக இருந்தன. சேத்துப்பட்டு வழக்கத்திலிருந்து இது தெளிவான விலகல்.

அடுத்த ஆண்டு அந்த அலகும் சென்னையிலிருந்த மருத்துவப் புள்ளியியல் ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் ஆயின. 2001 இல் அங்கே இரண்டாண்டுக் களப் பயிற்சிப் படிப்பு தொடங்கியது. பட்டம் வழங்குவது திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம். 1951 இல் அமெரிக்காவில் அலெக்சாண்டர் லாங்முயர் உருவாக்கிய நோய்ப்பரவியல் புலனாய்வுப் பயிற்சியின் வழியில் வந்த முறை இது. மாணவர் பெரும்பகுதி நேரம் வகுப்பில் இருப்பதில்லை, மாவட்டத்தில் இருக்கிறார். கொள்ளை நோய் எழுந்தால் அங்கே போகிறார். வழிகாட்டி தொலைவிலிருந்து ஒவ்வொரு வரைவையும் திருத்துகிறார். திருத்தித் திருத்தி வளரும் இந்த உறவில் ஆசிரியரின் பங்கு இணையாசிரியர் பெயராகவே கட்டுரையில் இடம் பிடித்துவிடுகிறது. ஆகவே நன்றிப் பக்கம் வேறு ஆட்களுக்குக் காலியாகிறது: மாவட்டப் புள்ளியியலாளர், ஆய்வக நுட்பர், சுகாதார ஆய்வாளர், வண்டி தந்த வட்டார மருத்துவ அலுவலர்.

மருத்துவக் கல்லூரிகளின் சமூக மருத்துவ ஆய்வேடுகளில் நிலைமை வேறு. 1988 இல் செயல்படத் தொடங்கிய தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆய்வேடுகளைப் புரட்டினால், சான்றிதழும் உறுதிமொழியும் கழிந்ததும் நன்றிப் பக்கம் வரும். முதல்வர், துறைத் தலைவர், வழிகாட்டி, இணைப் பேராசிரியர்கள், உதவிப் பேராசிரியர்கள், சக மாணவர்கள், பெற்றோர் என்று அது பெரும்பாலும் பதவி வரிசையில் இறங்கும். பங்கேற்ற மக்களுக்குக் கடைசி வரி. மதிப்பெண் இடப் போகிறவருக்கு எழுதும் நன்றி என்பதால் அதை வரலாற்றுச் சான்றாக எடுக்கும்போது கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். ஆனாலும் எந்தக் காலத்தில் எந்த உதவி தேவைப்பட்டது என்பதை அந்தப் பக்கம் காட்டிக்கொடுக்கிறது. ஒரு தலைமுறையில் தட்டச்சருக்கு நன்றி, அடுத்ததில் கணினி நிலையத்துக்கு, அதற்கடுத்து புள்ளியியலாளருக்கு.

கடைசி வரியில் இருந்த மக்கள் மெல்ல மேலே வருகிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள், ஆய்வின் பயன் பங்கேற்றவர்களையும் அவர்களுடைய சமூகத்தையும் சென்றடைய வேண்டும் என்கின்றன; முடிவுகளை அவர்களிடம் தெரிவிப்பது ஆய்வாளரின் கடமைகளில் ஒன்றாகிவிட்டது. மருத்துவ மாணவர்கள் சில குடும்பங்களைத் தத்தெடுத்துப் படிப்புக் காலத்தில் தொடர்ந்து பார்க்கும் திட்டம் இளநிலைப் பாடத்தில் சேர்ந்திருக்கிறது. தண்டலம் போல நெடுஞ்சாலையை ஒட்டிய இடங்களில் மருத்துவக் கல்லூரிகள் இருப்பதால் பக்கத்துக் கிராமங்களுக்கு இந்த மாணவர்கள் வருகிறார்கள். ஆனால் தொடர்ந்து பார்ப்பது இன்று அன்றுபோல் எளிதல்ல. 1968 இன் பி.சி.ஜி. களப்பணியாளர் இரண்டரை ஆண்டு கழித்துத் திரும்பி வந்தாலும் பெரும்பாலான வீடுகளில் அதே ஆட்கள் இருப்பார்கள் என்று நம்ப முடிந்தது. இன்று ஒரகடத்தையும் வல்லம் வடகாலையும் சுற்றி, பிற மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் விடுதிகளில் தங்குகிறார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்புகிறார்கள். அவர்களிடையே நடத்தும் ஆய்வின் முடிவை அவர்களுக்கே தெரிவிக்க வேண்டுமானால், ஆய்வு தொடங்கும்போதே ஊர் முகவரியும் வீட்டார் கைபேசி எண்ணும் வாங்கி வைத்து, அவர்கள் படிக்கக்கூடிய மொழியில் எழுதியாக வேண்டும்.