தமிழுக்கு எத்தனை விசை?

செயலி ஒன்றின் தோற்றத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பேச்சு பெரும்பாலும் நிறத்திலும் சின்னத்திலும் போய் நிற்கும். தகவல் தொழில்நுட்ப ஆலோசகனாக நான் உட்காரும் கூட்டங்களும் அப்படித்தான். ஆனால் ஒவ்வொரு திரையும் ஏதோ ஒரு மொழியை மனத்தில் வைத்தே வரையப்படுகிறது. பிற மொழிகள் அதற்குள் ஒடுங்கிக்கொள்ள வேண்டும். தமிழுக்கு இந்தச் சிக்கல் கைப்பேசிக்கு வெகு முன்னரே, தட்டச்சுப்பொறியோடு தொடங்கிவிட்டது. அதற்கு வழி கண்டவர் நம்மைப்போல் ஊர்விட்டுப் போன ஒருவர்.

யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்த ஆர். முத்தையா, மலாயா சென்று சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். தமிழுக்கு 247 எழுத்துகள். ஆங்கிலத்துக்கெனச் செய்த பொறியில் ஏறத்தாழ 90 வடிவங்களுக்கே இடம். முத்தையா எழுத்துகளைக் கூறுகளாகப் பிரித்துப் பார்த்தார். பொறியில் ஒரு விசையைத் தட்டியதும் தாள் ஓரிடம் நகர்ந்துவிடும். புள்ளியும் மேல்விலங்கும் எழுத்தின் தலைமேல் உட்கார வேண்டியவை. ஆகவே, தட்டினாலும் தாளை நகர்த்தாத விசைகளை அமைத்தார். பின்னர் அவர் விசைப்பலகையோடு ஜெர்மனியில் பொறிகள் தயாராயின. பயனர் அனுபவம் என்று இன்று நாம் சொல்வதை, அந்தச் சொல் பிறக்கும் முன்பே அவர் செய்திருந்தார்.

1978இல் தமிழக அரசு, பெரியார் 1935 முதல் குடி அரசில் கையாண்ட சீர்திருத்தத்தைத் தழுவி, ணா, னை போன்ற 13 எழுத்துகளின் தனி வடிவங்களைக் கைவிட்டது. 1991இல் ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றது. 1999இல் சென்னை மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகை வந்தது; உயிர் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு என்று தமிழ் இலக்கணமே அதில் அடுக்காயிற்று.

கைப்பேசி வந்தபோது மறுபடியும் இடப் பஞ்சம். ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்துகள்; ஒருங்குறித் தமிழுக்கு 70 குறிகள்தான். ‘வணக்கம்’ நம் கணக்கில் 5 எழுத்து. புள்ளிகளையும் தனித்தனியாக எண்ணும் கைப்பேசிக்கு அது 7. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதும் பழக்கம் நம் வீடுகளில் வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம். 2005 பொங்கலன்று சிங்கப்பூரில், மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் வெளிவந்தது. எண் விசைகளிலேயே தமிழ் எழுத முடிந்தது. மறுபடியும், புலம்பெயர்ந்த மண்ணிலிருந்து ஒரு விடை.

இன்று எல்லாக் கைப்பேசியிலும் தமிழ் தெரிகிறது. ஆனால் தெரிவது வேறு, பயன்படுவது வேறு. மருந்து வேளையை நினைவூட்டும் செயலி ஒன்றின் தமிழ்ப் பதிப்பைச் சரிபார்க்கும் வேலை எனக்கு வந்தது. ஆங்கிலத் திரையில் ‘முன்’, ‘பின்’ என்பவற்றுக்கான சொற்கள் முதலில் வரும். இடம் போதாமல் வால் வெட்டுப்பட்டாலும் பொருள் தங்கும். தமிழில் ‘சாப்பாட்டுக்கு முன்’, ‘சாப்பாட்டுக்குப் பின்’. முக்கியமான சொல் கடைசியில் நிற்கிறது. திரையில் இரண்டுமே ‘சாப்பாட்டுக்...’ என்று முடிந்திருந்தன. ‘கூடாது’, ‘வேண்டாம்’ என்பவையும் நம் வாக்கியத்தில் கடைசியில்தானே வரும்? ஆங்கிலம் படிக்க வராத ஒரு தாய் தனியாக இருக்கும் பகல் வேளையில், அந்த மூன்று புள்ளிகளுக்குள் ஒளிந்திருப்பது அவருடைய மாத்திரை.

மொழிபெயர்ப்பில் பிழை இல்லை. பெட்டிதான் ஆங்கிலத்துக்கு அளந்து வரையப்பட்டிருந்தது. இரண்டு வரிக்கு இடம் விட்டு, மேல்விலங்கும் கீழிறங்கும் வாலும் வெட்டுப்படாதபடி வரியின் உயரத்தைக் கூட்டியதும் சரியாயிற்று. முத்தையாவும் எழுத்தை வெட்டவில்லை, பொறியைத்தான் மாற்றினார்.

வடிவமைப்புப் படிக்கும் பிள்ளைகள் இப்போது நம் வீடுகளில் நிறைய. அடுத்த திரையை வரையும்போது அதில் முதலில் ஒரு தமிழ் வாக்கியத்தை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தமிழ் அடங்கும் பெட்டியில் ஆங்கிலம் தாராளமாக அடங்கும்.