நாணயம் போட்டு ரயில் பார்க்கலாம் வாங்க

டொராண்டோவில் மாடல் ரயில் பைத்தியத்துக்கு வயசு அதிகம். 1938-ல் ஆரம்பிச்ச 'மாடல் ரயில்ரோடு கிளப் ஆஃப் டொராண்டோ' பல பத்தாண்டுகள் லிபர்ட்டி வில்லேஜ் பகுதியில் 'ஓ' ஸ்கேல் வண்டி ஓட்டினாங்க. நிஜ ரயிலில் 48-ல் ஒரு பங்கு. அந்த ஏரியா அடுக்குமாடி மயமானதும் 2010-களில் இடம் மாற வேண்டியதாச்சு. விளையாட்டுன்னு சொல்லிடாதீங்க, அடிக்க வருவாங்க :-)

பழைய முறை ரொம்ப எளிமை. தண்டவாளத்தில் டிசி கரண்ட். வோல்டேஜைக் கூட்டினா வேகம், துருவத்தை மாத்தினா ரிவர்ஸ். சிக்கல் என்னன்னா, ஒரே தண்டவாளத்தில் ரெண்டு எஞ்சின் நின்னா ரெண்டுமே ஓடும். அதனால பாதையைத் துண்டு துண்டா பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு சுவிட்ச். பெரிய லேஅவுட்டில் வண்டி நின்னா, மேஜைக்கு அடியில் போன வயரோட ஜாதகம் தெரிஞ்சவர் வரணும்.

இதிலிருந்து தப்பிக்க 1963-ல் ஜெனரல் எலக்ட்ரிக் 'ஆஸ்ட்ராக்' கொண்டுவந்தது, 5 எஞ்சின் ஓட்டலாம். 1979-ல் ஹார்ன்பியின் 'ஜீரோ 1', 16 எஞ்சின். ஆனா ஆளுக்கொரு பாஷை! கம்பெனி கைவிட்டதும் வாங்கினவர் அநாதை.

ஜெர்மனியின் பெர்ண்ட் லென்ஸ் உருவாக்கிய முறையை அடிப்படையா வச்சு, அமெரிக்காவின் என்.எம்.ஆர்.ஏ. சங்கம் 1994-ல் டிசிசி தரத்தை அறிவிச்சது. இதில் தண்டவாளத்தில் எப்பவும் முழு வோல்டேஜ் இருக்கும். துருவம் மாறுற நேரம்தான் செய்தி: அரை அலை 58 மைக்ரோசெகண்டுன்னா 1, நூறோ அதுக்கு மேலயோ இருந்தா 0. ஒவ்வொரு செய்தியோட கடைசியிலும் பிழை சரிபார்க்க ஒரு பைட். கணக்கு உதைச்சா எஞ்சினில் இருக்கிற டிகோடர் அதைத் தூக்கிப் போட்டுடும். கட்டளை திரும்பத் திரும்ப வர்றதால நஷ்டமில்லை.

முக்கியமான விஷயம், இதெல்லாம் ஒளிவுமறைவில்லாம வெளியான தரம். அதனால கோளாறு கண்டுபிடிக்கிறதும் பொதுச் சொத்தாச்சு. புது எஞ்சின் அசையலையா? எண் 3-ல் கூப்பிட்டுப் பாருங்க, கடையிலிருந்து வர்றப்போ பெரும்பாலும் அந்த முகவரிதான். திக்கித் திக்கிப் போகுதா? முதலில் சக்கரத்தைத் துடைங்க.

அடுத்தது நாணயச் சோதனை. கண்ட்ரோல் பெட்டியிலிருந்து தூரமான இடத்தில், ரெண்டு தண்டவாளத்தையும் தொடுற மாதிரி ஒரு காசு வைக்கணும். உடனே பவர் கட்டாகணும். ஆகலைன்னா வயர் மெலிசு, இல்லை இணைப்பு தளர்வு. 'ஓ' ஸ்கேல், தோட்டத்தில் ஓடுற 'ஜி' ஸ்கேல் மாதிரி பெரிய வண்டிகளுக்கு ஆம்பியர் அதிகம். வண்டி தடம் புரண்டு ஷார்ட் ஆகுறப்போ பவர் நிக்கலைன்னா சக்கரமும் வயரும் பொசுங்கும்.

நமக்கு இந்தக் கதை புதுசில்லையே! பாமினி, திஸ்கி, டாப், டாம்னு ஆளுக்கொரு குறியீடு வச்சு, ஒருத்தர் எழுதினது இன்னொருத்தருக்குக் கட்டம் கட்டமா தெரிஞ்ச காலம் இருந்ததே. யூனிகோட் வந்த பிறகுதான் யார் எழுதினாலும் யாரும் படிக்க முடிஞ்சது. பூட்டி வச்ச குறியீடு அதைச் செஞ்ச கம்பெனியோட சாகும். பொதுவில் வச்சது அடுத்த தலைமுறை கையிலும் ஓடும்.

உங்க ஊரில் யாராவது மாடல் ரயில் ஓட்டுறாங்களா? பின்னூட்டத்தில் சொல்லுங்க மக்கா.